அப்பத்தாவுக்கு ரேகை விழல

நாலு மாசமா ஓஏபி பணம், அதான் முதியோர் உதவித்தொகை, வரலைங்கறத அப்பத்தா எங்கிட்ட சொல்லவே இல்ல. எதிர்வீட்டு அத்தைதான் போன் பண்ணி, "ஏப்பா, ஒங்க அப்பத்தா வெத்தலைக்குக் கூட எங்கிட்டதான் காசு வாங்குது, ஒனக்குத் தெரியுமா தெரியாதா"ன்னு கேட்டுச்சு. சுருக்குன்னு இருந்துச்சு எனக்கு. நான் மதுரையில இருக்கேன், ஊரு திருமங்கலத்துலருந்து உசிலம்பட்டி போற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி, பைக்ல ஒரு மணி நேரம்தான், ஆனா மாசத்துக்கு ஒருக்கா போனாலே பெரிய விசயம்னு ஆகிப்போச்சு. அந்த ஞாயித்துக்கெழமை போயி திண்ணையில உக்காந்து கேட்டா, "பேங்க்காரப் புள்ள வரும்போதெல்லாம் கை விழலங்குது, பணமும் ஏறலங்குது, நிப்பாட்டிட்டாய்ங்க போல, விடு, ஒனக்கு ஆயிரம் சோலி இருக்கும்"னு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொல்லுது.

1200 ரூபாதான். அதுலதான் வெத்தலை பாக்கு, கால்வலி தைலம், கரண்டு பில்லு, குழுவுக்குக் கட்டுற 300, பேரப்புள்ளைக வந்தா சேவு முட்டாய் எல்லாம். அரிசி ரேசன்ல வந்துரும். சித்தப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனியில, முடிஞ்சப்ப ஏதாச்சும் அனுப்புவாரு. நானும் குடுப்பேன். ஆனா நாங்க குடுக்கறத அது சீலை முந்தியில முடிஞ்சு வச்சுட்டு, பொங்கலுக்கு எங்க புள்ளைகளுக்கே திருப்பிக் குடுத்துரும். "எம் பணம்"னு அது சொல்றது ஓஏபி பணத்தை மட்டும்தான்.

டவுன்லயே இருக்கறவங்களுக்கு இது என்னன்னே தெரியாது, அதனால சொல்லிடறேன். தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, அப்ப மாசம் 20 ரூபா. மத்திய அரசு இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே 1995 ஆகஸ்ட்லதான். 2011ல 500 ரூபாயா இருந்ததை 1000 ஆக்குனாங்க, அப்பறம் பன்னெண்டு வருசம் அப்பிடியே கெடந்துச்சு, 2023 ஆகஸ்ட்லருந்து 1200. இதுல மத்திய அரசு பங்கு 200 ரூபா, பதினஞ்சு வருசத்துக்கும் மேல அதே 200தான், இந்தப் பதினஞ்சு வருசத்துல ஒரு டீ என்ன வெலையிலருந்து என்ன வெலைக்குப் போயிருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க. 80 வயசு ஆயிட்டா மத்திய பங்கு 500 ஆகும், உடனே கெழவிக்கு 1500 வருமோன்னு கணக்குப் போடாதீங்க, அப்ப மாநிலப் பங்கு 1000த்துலருந்து 700க்கு எறங்கிரும், கையில வர்றது அதே 1200. கூட நாலு கிலோ அரிசியும் பொங்கல் தீபாவளிக்கு சேலை வேட்டியும் உண்டு. மாநிலம் பூராம் மாற்றுத்திறனாளி, விதவை பென்சன் எல்லாம் சேத்து 30 லட்சம் பேருக்கு மேல இந்தப் பணம் போகுது. சின்ன விசயம் இல்ல, கொற சொல்றதுக்கு முன்னாடி அதையும் சொல்லணும்ல.

எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இந்தப் பணம் மணியார்டர்ல வரும். தபால்காரர் சைக்கிளை வேப்பமரத்துல சாச்சுட்டு, "ஆத்தா"ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு, அதுக்கு முன்னாடியே மூணு கெழவிக வந்து வரிசையா குத்தவச்சு உக்காந்திருக்கும். மைப்பொட்டியைத் தொறந்து கட்டைவெரல ஒரு உருட்டு, காகிதத்துல ஒரு உருட்டு, நோட்டை எண்ணிக் குடுப்பாரு, ஒவ்வொரு கெழவியும் அஞ்சோ பத்தோ எடுத்து அவரு கையில வைக்கும். அது லஞ்சம்னு பேப்பர்ல எழுதுவாய்ங்க, சரி லஞ்சம்தான், ஆனா அப்ப யாருக்கும் ரேகை விழாம பணம் நின்னதில்ல. மை பட்டுச்சா, உருட்டியாச்சு, முடிஞ்சுச்சு.

இப்ப பேங்க் சார்பா ஒரு புள்ள கையடக்க மிஷினைத் தூக்கிக்கிட்டு ஊர்ச் சாவடிக்கு வருது. நல்ல புள்ளதான். ஆனா மிஷினுக்கு எங்க அப்பத்தா வெரல அடையாளம் தெரியல. அது எப்பிடித் தெரியும்? பத்து வயசுலருந்து மல்லிகைத் தோட்டத்துல விடியக்காலம் நாலு மணிக்கு மொட்டு கிள்ளுன வெரலு, அப்பறம் பகல்ல நார்ல பூ கட்டுன வெரலு, சீசனுக்குப் புளி தட்டுறது, நூறு நாள் வேலையில மம்பட்டி. அந்த நுனி வெரலைத் தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு கூழாங்கல்லு மாதிரி இருக்கும். நான் நேர்ல பாத்தேன், அந்தப் புள்ள "தலையில நல்லா தேய்ச்சுட்டு வைங்கத்தா"ன்னுச்சு. தலை எண்ணெய்ப் பசையில ரேகை கொஞ்சம் தெரியுமாம். அப்பத்தா கட்டைவெரல நெத்தி மயிர்ல நாலு தேய் தேய்ச்சு வச்சுச்சு. செவப்பு லைட்டு. ஆள்காட்டி வெரலு, செவப்பு. சேலையில தொடைச்சுட்டு நடுவெரலு, செவப்பு. இப்பிடி பத்து வெரலும் போயிருச்சு. "பத்தும் வேணாங்குதா இந்தக் கருமம்"னு அப்பத்தா சிரிக்குது. எனக்குத்தான் சிரிப்பு வரல.

ஆனா ரேகை ஒரு பக்கம்தான் பிரச்சனைன்னு அப்பறம்தான் தெரிஞ்சுச்சு. அக்கவுண்ட்லயே பணம் இல்ல.

சரின்னு லீவு போட்டுட்டு அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு தாலுகா ஆபீஸ் போனேன். எந்த ஆபீஸ்னு பேரு வேணாம், எல்லா ஆபீஸும் ஒரே மாதிரிதான். இதுக்குன்னே சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார்னு தனியா ஒருத்தர் உண்டு, அந்த ரூம் மாடியில. முதியோர் பென்சன் ரூம், மாடியில! அப்பத்தா கைப்புடிச் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுது, முன்னாடி ஒரு தாத்தா பாதியில உக்காந்து மூச்சு வாங்குறாரு. மேல போனா அங்க இருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "பணம் மாசாமாசம் போயிட்டுதாங்க இருக்கு, சக்சஸ்னு காட்டுது, பேங்க்ல போயிக் கேளுங்க"ன்னாரு. பேங்க்ல போயிக் கேட்டா, "இந்த அக்கவுண்டுக்கு நாலு மாசமா எதுவுமே வரல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க"ன்னாய்ங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல, அதுதான் இதுல கொடுமை. பணம் போயிருக்கு, ஆனா இங்க வரல.

எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. அந்தக் கதைய முழுசா சொல்றேன், ஏன்னா உங்க வீட்டுக் கெழவிக்கும் நாளைக்கு இதே நடக்கலாம். ஆதார் மூலமா போடுற அரசாங்கப் பணம் எல்லாம், கடைசியா எந்த பேங்க்ல ஆதாரை இணைச்சீங்களோ அங்கதான் போகும், நீங்க எழுதிக்குடுத்த அக்கவுண்ட் நம்பருக்கு இல்ல. இது எத்தனை பேருக்குத் தெரியும்? எந்த பேங்க்ல இணைஞ்சிருக்குன்னு ஆதார் வெப்சைட்டுல பாக்கலாம், ஆனா அதுக்கு ஓடிபி வேணும். ஓடிபி எந்த நம்பருக்குப் போகுது? சித்தப்பா மகன் எட்டு வருசத்துக்கு முன்னாடி வச்சிருந்த சிம்முக்கு, அது இப்ப எந்த ஊர்ல எவன் கையில இருக்கோ. சரி நம்பரை மாத்துவோம்னு போனா, ஆதார் சென்டர்ல அப்ப 50 ரூபா, டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம், உள்ள போனா என்ன சொல்றாய்ங்க? "ரேகை வைங்கம்மா." எனக்கு அங்கயே தலை சுத்திருச்சு. ரேகை விழலைன்னுதான் ஓடிபிக்கு வந்தோம், ஓடிபி இல்லைன்னுதான் நம்பர் மாத்த வந்தோம், நம்பர் மாத்த ரேகை வேணுமாம்.

நல்ல வேளை அங்க இருந்த புள்ள வெவரமான புள்ள, "கண்ணை வச்சுப் பாப்போம்ணே"ன்னு கருவிழி மிஷினை எடுத்துச்சு. ரெண்டு தடவ கண்ணீரு வந்து போச்சு, மூணாவது தடவ பச்சை. அந்தக் கண்ணு நல்லா இருக்கறதுக்கும் ஒரு கதை இருக்கு. எட்டு ஒம்பது வருசத்துக்கு முன்னாடி ஊருக்கு அரவிந்த் ஆஸ்பத்திரி கேம்ப் வந்துச்சு. 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட மதுரையில ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இன்னைக்கு ஒலகத்துக்கே தெரியும். கேம்ப்ல பாத்து பொரை இருக்குன்னு சொல்லி, பஸ்ல ஏத்திட்டுப் போயி, சாப்பாடு போட்டு, ஆபரேசன் பண்ணி, திரும்ப ஊர்லயே கொண்டாந்து விட்டாய்ங்க. அஞ்சு பைசா இல்ல. அப்பா அப்ப செத்து ஒரு வருசம், கூடப் போக ஆளில்ல. போக வேண்டியும் இருக்கல. அப்பத்தா இன்னும் அந்தக் கறுப்புக் கண்ணாடிய பத்திரமா டிரங்குப் பொட்டியில வச்சிருக்கு.

டிரங்குப் பொட்டின்னதும் ஞாபகம் வருது, கடைசியில பணம் கெடைச்சதும் அதுலதான். நம்பர் மாறி, ஓடிபி வந்து, வெப்சைட்டுல பாத்தா நாங்க கேள்வியே படாத இன்னொரு பேங்க் பேரு இருக்கு. "இந்த பேங்க்ல எப்பத்தா கணக்கு ஆரம்பிச்ச?"ன்னு கேட்டா, "நான் எந்த பேங்க்குக்குடா போனேன்"னு சத்தியம் பண்ணுது. அப்பறம் ரொம்ப நேரம் யோசிச்சு, "குழு லோனுக்குன்னு ஒரு நாளு ஸ்கூல்ல வச்சு எல்லாருக்கும் போட்டா எடுத்து ஆதாரை வாங்குனாய்ங்க"ன்னுச்சு. பொட்டியத் தொறந்தா, கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ, பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காம ஒரு பாஸ்புக். குழு நோட்டுன்னு நெனச்சு வச்சிருக்கு, படிக்கத் தெரியாதுல்ல. அதுல நாலு மாசப் பணம், 4800 ரூபா, சும்மா உக்காந்திருந்துச்சு. அந்த நாலு மாசமா எதிர்வீட்டு அத்தைகிட்ட வெத்தலைக் காசு கடன்.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, அன்னைக்கு தாலுகா ஆபீஸ் வாசல்ல ஜெராக்ஸ் கடையில நின்னப்பதான் ஒரு விசயம் மண்டையில ஒறைச்சுச்சு. வரிசையில இருந்த எல்லாக் கெழவி கெழவனையும் கடைக்காரர் ஒரே கேள்விதான் கேக்குறாரு: "கூட யாரு வந்திருக்கா?" கூட ஆள் இருந்தா ஆதாரை வாங்கி வேலையப் பாக்குறாரு. இல்லைன்னா, "அந்தப் பக்கமா உக்காருங்கய்யா, யாரையாச்சும் கூட்டியாங்க." அவரு மேல தப்பில்ல, ஓடிபி கேக்க ஒரு போனு, ஆன்லைன்ல ஏத்த ஒரு போட்டோ, நாளைக்கு ஸ்டேட்டஸ் பாக்க ஒரு ஆளு, இதெல்லாம் இல்லாம அவரால என்ன செய்ய முடியும். ஆனா பாருங்க, இந்தப் பணத்துக்கு மனுவுல எழுதறதே 'ஆதரவற்றவர்'னுதான். ஆதரவு இல்லைன்னு நிரூபிக்க ஆதரவா ஒரு ஆளு கூட வரணும். அப்பத்தாவுக்கு நான் இருந்தேன், பைக் இருந்துச்சு, லீவு போட முடிஞ்சுச்சு, இருந்தும் மூணு வாரம். அந்தப் பக்கமா உக்காந்திருந்தாருல்ல ஒரு பெரியவர், மஞ்சப்பையை மடியில வச்சுக்கிட்டு, அவருக்கு எத்தனை மாசம் ஆகும்?

இன்னொண்ணு, பத்துப் பதினோரு வருசத்துக்கு முன்னாடி அப்பத்தா மொதமொத மனுப் போட்டப்ப, அப்ப இருந்த ஒரு அலுவலர் கேட்டது, "ஆம்பளப் புள்ளை ரெண்டு வச்சுக்கிட்டு எப்பிடிம்மா?" அப்பா பக்கத்துலயே நின்னாரு. கீழமாசி வீதியில லோடுமேன் வேலை, முதுகு போயி ஒரு வருசமா வீட்டுல இருந்த நேரம். "சார், நான் சோறு போட முடியலைன்னே எழுதிக்கங்க சார்"னு சொன்னாரு. வீட்டுக்கு வந்து அன்னைக்கு யாருகிட்டயும் பேசல. மனு பாஸாயிருச்சு.

வயசும் ஒரு பஞ்சாயத்து. ஆதார்ல அப்பத்தா பொறந்தது 1955 ஜனவரி 1. ஊர்ல முக்காவாசிக் கெழவிக ஜனவரி 1தான் பொறந்திருக்குக, ஆளு மூஞ்சியப் பாத்து ஆதார் கேம்ப்ல போட்டது. ஆனா அப்பத்தா சொல்ற கணக்கு வேற, "வைகை டேம் தொறந்தப்ப நான் பாவாடை சட்டையோட மாடு பத்துனேன்." டேம் தொறந்தது 1959 ஜனவரியில. நாலு வயசுல மாடு பத்த முடியுமா? எப்பிடிப் பாத்தாலும் ஆறேழு வயசைக் கொறைச்சுப் போட்டிருக்காய்ங்க. மாத்தலாம்னா பொறந்த தேதிக்கு ஒரே ஒரு தடவைதான் சான்ஸு, அதுக்கும் சான்று கேப்பாய்ங்க. பொறந்த சான்றுக்கு அப்பத்தா எங்க போகும், மாட்டைத்தான் கேக்கணும்.

நான் ஒரேடியா அரசாங்கத்தை வையிறேன்னு நெனச்சுறாதீங்க. வீட்டுக்கே வர்ற திட்டம் எதுவோ அது நல்லா நடக்குது, நான் கண்ணால பாத்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சாய்ங்க, எங்க ஊருக்கும் வந்துச்சு. பக்கத்து ஊருப் புள்ள ஒண்ணுதான் வருது, பிரசர் பாக்குற மிஷினைப் பையில போட்டுக்கிட்டு, பிரசர் மாத்திரை சுகர் மாத்திரைய கையில குடுத்துட்டு, "போன மாசம் மாத்திரை ஏன்த்தா மிச்சம் இருக்கு?"ன்னு சண்டை போடுது. அப்பத்தா அந்தப் புள்ளைக்கு மட்டும்தான் பயப்படும். முன்னாடி இந்த மாத்திரைக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், ஒரு நாள் கூலி போயிரும். 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு, ஆரம்பிச்சப்ப 70 வயசு தாண்டுனவங்களுக்கு ரேசன் சாமான் வண்டியில வீட்டு வாசலுக்கே, மாசத்துல ரெண்டாவது சனி ஞாயிறு. எங்க தெருவுல வண்டிய வேடிக்கை பாக்கவே கூட்டம்.

அதே மாதிரி ஓட்டு. 2024 எலக்சனுக்கு 85 வயசுக்கு மேல வீட்டுலருந்தே தபால் ஓட்டுன்னு வந்துச்சுல்ல, கடைசி வீட்டுப் பாட்டிக்கு 88. ஒரு கெழவி ஓட்டுக்கு எத்தனை பேரு வந்தாய்ங்கன்றீங்க! ஆபீசர் ரெண்டு பேரு, போலீஸ் ஒருத்தர், வீடியோ எடுக்க ஒரு தம்பி, கார்ட்போர்ட் மறைப்பு, சீல் வச்ச கவரு. பாட்டி, "இதே மாதிரி ஓஏபி பணத்தையும் கொண்டாந்து குடுங்கய்யா"ன்னு கேட்டுச்சு, வீடியோக்காரத் தம்பி சிரிச்சுட்டான். முடியும்ல? ஒரு ஓட்டுக்கு நாலு பேரு வர முடியும்னா ஒரு ரேகைக்கு ஒரு ஆளு கண்ணு மிஷினோட வர முடியாதா?

பஸ்ஸு கதை கேளுங்க. டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு 2021 மே மாசத்துலருந்து டிக்கெட் இல்ல, அதனால அப்பத்தா திருமங்கலம் சந்தைக்கு ஜம்முனு போயிட்டு வருது. பக்கத்து சீட்டுல 78 வயசுத் தாத்தா காசு குடுத்து டிக்கெட் வாங்குறாரு. மெட்ராஸ்ல 60 வயசு தாண்டுனவங்களுக்கு மாசம் பத்து டோக்கன் குடுக்குறாய்ங்க, எங்க ஊருத் தாத்தாவுக்கு அது இல்ல, என்ன பாவம் பண்ணுனாரோ. ரயில்லயும் 60 வயசு ஆம்பளைக்கு 40 சதவீதம், 58 வயசுப் பொம்பளைக்கு 50 சதவீதம் சலுகை இருந்துச்சு, 2020 மார்ச்ல கொரோனாவைக் காட்டி நிறுத்துனது, கொரோனா போயிருச்சு சலுகை வரல.

அப்பறம் சாவடித் தாத்தா. இவரைப் பத்தி எழுதணுமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். மதுரையில ஒரு மில்லுல முப்பது வருசம் ஸ்பின்னிங்ல இருந்தவரு, பிஎஃப் பென்சன் ஆயிரத்துச் சொச்சம் வருது. அந்தப் பென்சனுக்கு குறைஞ்சது 1000 ரூபான்னு 2014ல வச்சது, இன்னைக்கும் அதே ஆயிரம்தான். அந்தப் பென்சன் வர்றதால ஓஏபி கெடையாது. வருசத்துக்கு ஒருக்கா உயிரோட இருக்கேன்னு சான்று குடுக்கணும். அஞ்சு வருசம் முன்னாடி வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் குடுத்தாரு, எழுதி ஆறு மாசத்துல மருமகளுக்கும் இவருக்கும் ஆகல. இப்ப ராத்திரி சாவடியில படுக்குறாரு, பகல்ல மகன் வீட்டுத் திண்ணைக்குக் கூடப் போறதில்ல. சோறு யாராச்சும் குடுப்பாய்ங்க, எங்க அப்பத்தாவும் ஒரு தூக்குல குழம்பு ஊத்தி அனுப்பும்.

சட்டம் இருக்கு, 2007ல வந்த பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். வருவாய்க் கோட்டாட்சியர், அதான் ஆர்டிஓ, அவருதான் தீர்ப்பாயம், மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் போடலாம். பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்த சொத்துன்னா, பாக்கலைன்னு ஆனா அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம், அது 23ஆவது பிரிவு. 2025 ஜனவரியில மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருத்தங்க மகனுக்கு எழுதுன தானத்தை சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சட்டத்துல ரத்து பண்ணி, சொத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுச்சு. அதனால எழுதிக் குடுக்கப் போறவங்க தயவுசெஞ்சு "கடைசி வரைக்கும் வச்சுப் பாத்துக்கணும்"னு ஒரு வரிய பத்திரத்துக்குள்ளயே எழுதச் சொல்லுங்க, பத்திரம் எழுதறவரு அதெல்லாம் வேணாம்னுதான் சொல்லுவாரு, விடாதீங்க. பெரியவங்களுக்கு உதவிக்கு 14567ன்னு ஒரு இலவச நம்பரும் இருக்கு, காலையில எட்டுலருந்து ராத்திரி எட்டு வரைக்கும்.

இதை எல்லாம் தாத்தாகிட்ட சாவடியில உக்காந்து சொன்னேன். பொறுமையா கேட்டாரு. "கேஸ் போட்டா நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க யாருப்பா வருவா?"ன்னாரு. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுச்சு. அவரால முடியலைன்னா அவரு சம்மதத்தோட வேற ஆளோ ஒரு அமைப்போ மனு குடுக்கலாம், தீர்ப்பாயமே தானா எடுத்துக்கலாம்னு சட்டத்துல இருக்கு. ஆனா யாரு குடுப்பா? குடுக்கறவன் அந்த மகனுக்கு ஆயுசுக்கும் பகையாளி, ஒரே தெரு, ஒரே கொழா, ஒரே கோயில் வரி. நான் குடுப்பேனா? மதுரையில உக்காந்துக்கிட்டு இதை டைப் பண்றதுக்கு ஈஸியா இருக்கு, மனசைத் தொட்டுச் சொன்னா இன்னும் குடுக்கல.

பெருசுக எண்ணிக்கையும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. அரசாங்கத்தோட மக்கள்தொகைக் கணிப்புல 2021லயே தமிழ்நாட்டுல நூத்துக்குப் பதிமூணு பதினாலு பேரு 60 தாண்டுனவங்க, 2031ல பதினெட்டு ஆகுமாம், கேரளாவுக்கு அடுத்து நம்மதான். எங்க ஊர்ல எனக்கு அந்தக் கணிப்பே வேணாம், மத்தியானம் மூணு மணிக்குத் தெருவுல நடந்தா போதும், வீட்டுக்கு ஒரு திண்ணை, திண்ணைக்கு ஒரு கெழவி, இளவட்டம் பூராம் திருப்பூரு கோயம்புத்தூரு.

எதிர்வீட்டு அத்தைக்கு மகளிர் உரிமைத்தொகை 1000 வருது, 2023 செப்டம்பர்லருந்து. அப்பத்தா ஒரு நாளு, "எனக்கு ஏன்டா அது இல்ல, நான் மகளிர் இல்லையா?"ன்னு கேட்டுச்சு. ஓஏபி வாங்குறவங்களுக்கு அது கெடையாதுத்தான்னேன். "ரெண்டையும் சேத்துக் குடுத்தா நான் என்ன மச்சு வீடா கட்டப் போறேன்"னுச்சு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். அந்த 4800 ரூபாய எடுத்தாச்சு, கணக்கு இனி எங்க வருதுன்னும் தெரிஞ்சுச்சு, ஆனா மாசாமாசம் ரேகைக்கு என்ன பண்றது? பைக்ல பேங்க்குக்குக் கூட்டிப் போக நான் இருக்க மாட்டேன். அப்பதான் ஆபீஸ்ல ஒரு அண்ணன் சொன்னாரு, போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து போன்ல ரேகை வாங்கி எந்த பேங்க் பணத்தையும் எடுத்துக் குடுப்பாரு, ஆதார்ல போன் நம்பர் கூட அவரே மாத்தி விடுவாருன்னு. அடப்பாவிகளா, இது தெரிஞ்சிருந்தா ஆதார் சென்டருக்கு அலைஞ்சிருக்க வேணாமே. கிளை அஞ்சலகத்துல போயிக் கேட்டேன், சின்னப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், "நாளைக்கு வர்றேண்ணே"ன்னான்.

வந்தான். சைக்கிள் இல்ல, ஸ்கூட்டி. அதே வேப்பமரத்தடியில நிப்பாட்டிட்டு திண்ணையில உக்காந்து, போன்ல ஒரு சின்ன ரேகை மிஷினைச் சொருகுனான். அப்பத்தா ஒண்ணும் சொல்லாமலே கட்டைவெரல தலையில தேய்க்க ஆரம்பிச்சிருச்சு. மொத ரெண்டு வெரலும் விழல, எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அவன் அவசரப்படல, வெரலைப் புடிச்சு ஈரத்துணியால தொடைச்சு, காய விட்டு, மோதிர வெரல வச்சு அவனே மெதுவா ஒரு அழுத்து அழுத்துனான். விழுந்திருச்சு. ரெண்டு ஐநூறு, ரெண்டு நூறு எண்ணிக் குடுத்தான். அப்பத்தா சுருக்குப்பையைத் தொறந்து ஒரு பத்து ரூபா நோட்டை எடுத்து நீட்டுச்சு. "வேணாம்த்தா, இதெல்லாம் வாங்கக் கூடாது"ன்னான். அப்பத்தாவுக்கு அது புரியவே இல்ல, கொஞ்ச நேரம் நோட்டை நீட்டிக்கிட்டே நின்னுச்சு, அப்பறம் உள்ள போயி ஒரு சொம்பு மோரு கொண்டாந்து குடுத்துச்சு. அதைக் குடிச்சான்.

கெளம்புறப்ப அப்பத்தா கேட்டுச்சு, "ஏந்தம்பி, உசுரோட இருக்கேன்னு ஒரு சீட்டுக் குடுக்கணுமாமே மில்லு பென்சனுக்கு, அதையும் இதுலயே செய்வியா?" செய்யலாம்த்தா, வெரல் விழலைன்னா மூஞ்சியக் காட்டுனாலே போதும்னான். "அப்ப சாவடியில ஒரு ஆளு படுத்திருக்கும், அங்கிட்டும் ஒரு எட்டுப் போயிட்டுப் போ. அது வரமாட்டேன்னு சொல்லும், நீ விடாத." அவன் ஸ்கூட்டியைத் திருப்புனான், நான் பின்னாடியே நடந்தேன், தாத்தாவோட பென்சன் நம்பரு எங்க எழுதி வச்சிருக்காருன்னு எனக்குத்தான் தெரியும்.